ஞாயிற்றுக்கிழமை ஒரு தறியும் ஓடவில்லை, மெயினில் 120 ஆம்பியர். கெப்பாசிட்டர் பத்தவில்லையா, கூடிப்போச்சா?

பல்லடம் தறிக்குடோன்
ஞாயிறு, காலை 9.40

வணக்கமுங்க. பல்லடம் பக்கத்தில் 24 ரேபியர் தறி ஓட்டுகிறோம். ஹெச்டி (உயர் அழுத்த) சர்வீஸ், சொந்த டிரான்ஸ்ஃபார்மர் 250 கேவிஏ. நாலு மாதத்துக்கு முன் ஏபிஎஃப்சி பேனலில் (லோடுக்குத் தகுந்தபடி கெப்பாசிட்டரைத் தானாகப் போட்டு எடுக்கும் பேனல்) ரிலே பழுதாகிவிட்டது. அது தெரியாமலே ஓட்டியதில் அந்த மாதப் பில்லில் பவர் ஃபேக்டர் (வாங்கும் மொத்தத்தில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.86 என்று வந்து அபராதம் கட்டினோம். இனி இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எங்கள் வயர்மேன் 25 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் அளவு) கெப்பாசிட்டர் நாலு வாங்கி நேராக பஸ்பாரில் (பேனலின் மெயின் பட்டையில்) மாட்டிவிட்டார். மொத்தம் 100. எப்போதும் ஆனில்தான் இருக்கும். ரிலேயையும் மாற்றினோம். பழைய பேனலில் 75 கேவிஏஆர் அப்படியே இருக்கிறது. அடுத்த பில்லிலிருந்து பவர் ஃபேக்டர் 1.00. நிம்மதியாகத்தான் இருந்தோம்.

ஆனால் அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ரெண்டு மாதத்தில் 11 எல்இடி டியூப் போய்விட்டது. கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டால் லோடு எடுத்த அடுத்த நிமிஷமே ஓவர் வோல்டேஜ் என்று நின்றுவிடுகிறது. மெக்கானிக் ஏவிஆரை (ஜெனரேட்டர் வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி) ரெண்டு தடவை மாற்றிவிட்டார். கம்ப்ரசர் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) அவ்வப்போது டிரிப் ஆகிறது.

இன்றைக்கு லீவு. பாவு இறக்க வேண்டும் என்று குடோனைத் திறந்தேன். ஒரு தறி ஓடவில்லை, ஆனாலும் பேனல் பக்கம் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். டாங் டெஸ்டர் போட்டுப் பார்த்தால் மெயின் கேபிளில் 120 ஆம்பியர். வோல்டேஜ் 452. மீட்டரில் பவர் ஃபேக்டர் 0.16. வயர்மேனுக்குப் போன் போட்டேன். "0.16 ரொம்பக் கம்மிங்க, நாளைக்குக் காலையில் இன்னொரு 50 கேவிஏஆர் கொண்டு வந்து சேர்த்துவிடறேன்" என்கிறார். சேர்க்கலாமா?

நொய்யல் வயர்மேன்
ஞாயிறு, காலை 9.58

சேர்க்காதீங்கண்ணா. முதலில் அவருக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

0.16-க்கு முன்னால் மைனஸ் குறியோ 'சி' என்ற எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது லேகிங் இல்லை, லீடிங். கெப்பாசிட்டர் பத்தாமல் வந்த 0.16 இல்லை, கூடிப்போய் வந்த 0.16. இன்னொரு 50 சேர்த்தால் இன்னும் கீழேதான் போகும்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். நாலு கெப்பாசிட்டருக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும். ஒவ்வொன்றாக ஆஃப் செய்து ஆம்பியர், வோல்டேஜ், பவர் ஃபேக்டர் மூன்றையும் எழுதுங்கள். ஃபியூஸைக் கையால் உருவ வேண்டாம், சுவிட்சில் மட்டும் நிறுத்துங்கள். நிறுத்தியதைக் கையால் தொடவும் வேண்டாம்.

பல்லடம் தறிக்குடோன்
ஞாயிறு, காலை 10.35

அண்ணா, மைனஸ் இருக்கிறது! நாலு மாதமாகப் பார்க்கிறேன், டிஸ்பிளேயில் ஏதோ கோடு என்று விட்டுவிட்டேன்.

எழுதியதை அப்படியே போடுகிறேன். நாலும் ஆனில்: 120 ஆம்பியர், 452 வோல்ட், மைனஸ் 0.16. மூன்று ஆனில்: 87 ஆம்பியர், 449 வோல்ட், மைனஸ் 0.22. ரெண்டு: 55 ஆம்பியர், 447 வோல்ட், மைனஸ் 0.35. ஒன்று: 26 ஆம்பியர், 444 வோல்ட், மைனஸ் 0.74. எல்லாம் ஆஃப்: 25 ஆம்பியர், 441 வோல்ட், மைனஸ் இல்லாமல் 0.78.

கடைசி கெப்பாசிட்டரை நிறுத்தியபோது 26 வெறும் 25 ஆனது. ஆனால் மைனஸ் போய்விட்டது. இதுதான் எனக்குப் புரியவில்லை. இரைச்சலும் நின்றுவிட்டது.

மீட்டர் தாத்தா
ஞாயிறு, காலை 11.20

நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி எழுதிய அஞ்சு வரி போதும், முழுக் கதையும் அதிலேயே இருக்கிறது.

மோட்டார் ஓட ரெண்டு விதமான கரண்ட் வேண்டும். ஒன்று வேலை செய்யும் கரண்ட். அதுதான் தறியை ஓட்டுகிறது, யூனிட்டில் ஏறுகிறது. இன்னொன்று மோட்டாருக்குள் காந்தத்தை உண்டாக்கும் கரண்ட். இது செலவாவதில்லை. நொடிக்கு 50 சுற்றிலும் மோட்டார் இதை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டரும் அப்படித்தான் வாங்கிக் கொடுக்கும், ஆனால் நேரெதிர் முறையில். மோட்டார் வாங்கும்போது இது கொடுக்கும், மோட்டார் கொடுக்கும்போது இது வாங்கும். ரெண்டும் ஒரே குடோனில் இருந்தால் கொடுக்கல் வாங்கல் வாசலுக்குள்ளேயே முடிந்துவிடும். லைனுக்கு வேலை இல்லை. பவர் ஃபேக்டர் திருத்தம் என்பது இவ்வளவுதான்.

தறி ஓடும் நாளில் உங்களுக்கு 150 கிலோவாட் லோடு, கெப்பாசிட்டர் இல்லாமல் 0.80 இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். காந்தக் கணக்கு 112 கேவிஏஆர். அதற்கு 100 கெப்பாசிட்டர் சரியாகத் தெரியும். இன்றைக்கு லீவு. நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் லோடு 15 கிலோவாட், காந்தக் கணக்கு 12 கேவிஏஆர்தான். 452 வோல்ட்டில் உங்கள் கெப்பாசிட்டர் வெறும் 100 இல்லை, 105 கொடுக்கும். வோல்டேஜின் வர்க்கத்தில் அது ஏறும். 12-ஐக் குடோனுக்குள் கொடுத்தாயிற்று. மீதி 93 எங்கே போகும்? டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வாரிய லைனுக்குப் போய் வருகிறது. அந்த 93 தான் உங்கள் 120 ஆம்பியர்.

கடைசி கெப்பாசிட்டர் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒன்று மட்டும் ஆனில் இருந்தபோது 25 கொடுத்து 12 போக 13 கூடுதல். எல்லாம் ஆஃப் ஆனபோது 12 குறைவு. 13 கூடினாலும் 12 குறைந்தாலும் கம்பிக்கு ஏறக்குறைய ஒரே கரண்ட். லீடிங்கா லேகிங்கா என்று தாமிரக் கம்பி பார்ப்பதில்லை. 0.74 லீடிங் 0.74 லேகிங் போலவே கெட்ட பவர் ஃபேக்டர்தான். 1.00 என்பது ஏணியின் உச்சி என்று பலரும் நினைக்கிறார்கள். அது தராசு முள்ளின் நடு. இந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாய்வுதான்.

சின்ன மில்காரன்
ஞாயிறு, மதியம் 12.05

தாத்தா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் மில்லில் 20 வருஷமாக ஃபிக்ஸட் கெப்பாசிட்டர்தான். லீவு நாளில் லீடிங்கில்தான் இருக்கும். ஒன்றும் ஆகவில்லை. பில்லிலும் அபராதம் வந்ததில்லை. சும்மா பயமுறுத்த வேண்டாமே.

மீட்டர் தாத்தா
ஞாயிறு, மதியம் 12.50

நியாயமான கேள்வி. பில்லை முதலில் பேசிவிடுகிறேன்.

நம் ஊரில் ஹெச்டிக்கு மாதச் சராசரி 0.90-க்குக் கீழே போனால்தான் அபராதம். 0.85 வரை ஒவ்வொரு 0.01 குறைவுக்கும் கரண்ட் கட்டணத்தில் 1 சதவீதம். தம்பியின் 0.86-க்கு 4 சதவீதம் வந்திருக்கும். அந்தச் சராசரியை மீட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதில்தான் விஷயம். ரெண்டு முறை உண்டு. ஒன்றில் லேகிங்கை மட்டும் எண்ணுவார்கள், லீடிங்கில் போகிற நேரத்தை 1.00 என்றே எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்றில் ரெண்டையும் எண்ணுவார்கள். முதல் முறை மீட்டர் இருக்கும்வரை உங்கள் லீடிங் பில்லில் தெரியாது. தம்பியின் பில்லில் 1.00 என்று வருவதும், அதே நேரத்தில் பேனல் மைனஸ் 0.16 காட்டுவதும் இதனால்தான். பில்லில் வரவில்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகாது. மகாராஷ்டிராவில் 2018 கட்டண ஆணையில் லீடிங்கையும் கணக்கில் சேர்த்தார்கள், 2020-ல் ஹெச்டிக்குக் கேவிஏஹெச் பில்லிங்கே (ரெண்டு கரண்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போடும் முறை) வந்துவிட்டது. லீடிங்கில் ஓட்டிய பல யூனிட்டுகளுக்கு அப்போதுதான் பில் எகிறியது. உங்கள் மீட்டர் எந்த முறை என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் மில்லில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ, ஃபிக்ஸட் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

சின்ன மில்காரன்
ஞாயிறு, மதியம் 1.15

1000 கேவிஏ. ஃபிக்ஸட் 60. மீதியெல்லாம் ரிலேயில். டிரைவ் ரொம்பக் கிடையாது, பழைய மெஷின்கள்.

மீட்டர் தாத்தா
ஞாயிறு, மதியம் 1.40

அதுதானுங்க. கெப்பாசிட்டரால் ஏறும் வோல்டேஜுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: கெப்பாசிட்டர் கேவிஏஆரை டிரான்ஸ்ஃபார்மர் கேவிஏவால் வகுத்து, அதன் பெயர்ப்பலகையில் இருக்கும் இம்பீடன்ஸ் (கரண்ட்டுக்கு அது காட்டும் தடை) சதவீதத்தால் பெருக்க வேண்டும். 60-ஐ 1000-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 0.3 சதவீதம். ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. உங்களுக்குத் தெரியவே தெரியாது. தம்பிக்கு 105, 250, 4.5 போட்டால் 1.9 சதவீதம், எட்டு வோல்ட்டுக்கு மேல். அவர் பார்த்தது 11 வோல்ட். மீதி எங்கே என்றால் 11 கேவி லைனில். கிராமத்து லைன் நீளம், கம்பி மெல்லிசு.

உண்மையைச் சொன்னால், டிரான்ஸ்ஃபார்மரில் சூடாகிற இழப்பு பெரிசு இல்லை. முழு லோடில் 3 கிலோவாட் காப்பர் லாஸ் என்று வைத்தால் இந்த 94 கேவிஏவுக்கு அரைக் கிலோவாட் கூட வராது. சேதம் வோல்டேஜில்தான். லீவு நாளில் ஃபீடரில் (பல யூனிட்டுக்கும் போகும் அந்த 11 கேவி லைனில்) லோடே லேசாக இருக்கும், லைன் வோல்டேஜ் ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருக்கும். அதன் தலையில் கெப்பாசிட்டரும் ஏற்றுகிறது. 452 என்றால் ஒரு ஃபேஸுக்கு 261 வோல்ட். 240-க்குச் செய்த மலிவான டியூப் எத்தனை ஞாயிறு தாங்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனதில் ரொம்ப நாளாக இருப்பது. அந்த ஃபீடரில் நீங்கள் மட்டும் இல்லை. லீவு நாளில் பத்து யூனிட்டும் கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டுப் போனால் மொத்த ஃபீடரும் ஏறும். பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் பல்பு போகும், கிணற்று மோட்டார் சூடாகும். வேலையில் இருந்தபோது இந்தப் புகார் எத்தனையோ வந்தது. போய்ப் பார்த்தால் தோட்டத்தில் ஒரு குறையும் இருக்காது.

பல்லடம் தறிக்குடோன்
ஞாயிறு, மதியம் 2.10

தாத்தா, எங்கள் குடோனுக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்துக்காரர் போன மாதம் இதையேதான் வந்து சொன்னார். "உங்க பெரிய மெஷின் வந்ததிலிருந்து எங்கூட்டு லைட்டு நிக்கறதில்லை" என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஜெனரேட்டர் கதையும் இதுதானா? அது 125 கேவிஏ. கரண்ட் போனால் லைட், ஒரு கம்ப்ரசர், நாலைந்து தறி மட்டும் ஓட்டுவோம். 30 கிலோவாட் இருக்கும்.

ஜென்செட் ஈரோடு
ஞாயிறு, மதியம் 3.30

அதேதான். ஏவிஆர் மேல் பழி போட்டது பாவம்.

ஆல்டர்னேட்டர் லேகிங் லோடுக்குச் செய்த மெஷின். லேகிங் கரண்ட் உள்ளே இருக்கிற காந்தப்புலத்தைக் குறைக்கப் பார்க்கும், ஏவிஆர் ஃபீல்டைக் கூட்டிச் சமாளிக்கும். லீடிங் கரண்ட் காந்தப்புலத்தைக் கூட்டிவிடும். ஏவிஆர் ஃபீல்டைக் குறைத்துக்கொண்டே வரும். குறைத்துக் குறைத்துப் பூஜ்யத்துக்கு வந்ததும் அதனிடம் குறைக்க ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் வோல்டேஜ் அதன் பிடியில் இல்லை, தானாக ஏறும். பல மெஷின்களில் கேவிஏ அளவில் ஐந்தில் ஒரு பங்கு கேவிஏஆர் லீடிங் வந்தாலே இந்த நிலை வந்துவிடும். உங்களுக்கு அது 25 கேவிஏஆர். 30 கிலோவாட் லோடுக்குக் காந்தக் கணக்கு 20, 25 இருக்கும். நீங்கள் 100 கெப்பாசிட்டரை அதன் தலையில் வைத்தீர்கள். ஓவர் வோல்டேஜ் ரிலே நிறுத்தியது உங்களைக் காப்பாற்றத்தான். அது இல்லாத பழைய செட்டாக இருந்திருந்தால் டிரைவ் எல்லாம் சேர்ந்து போயிருக்கும்.

ஜெனரேட்டரில் ஓடும்போது ஒரு கெப்பாசிட்டரும் ஆனில் இருக்கக் கூடாது. சேஞ்ச்ஓவரிலிருந்து (லைனையும் ஜெனரேட்டரையும் மாற்றும் சுவிட்ச்) ஒரு துணைக் கான்டாக்ட் எடுத்துக் கெப்பாசிட்டர் காண்டாக்டர்களின் (கெப்பாசிட்டரைப் போட்டு எடுக்கும் மின்காந்த சுவிட்சுகள்) கன்ட்ரோல் சப்ளையை வெட்டிவிடுங்கள். அரை நாள் வேலை.

கிரஷர் காரணம்பேட்டை
ஞாயிறு, மாலை 5.15

மோட்டார் முனையிலேயே கெப்பாசிட்டர் கட்டுகிறவர்களுக்காக எங்கள் அனுபவத்தையும் எழுதுகிறேன்.

100 ஹெச்பி மோட்டார், ஸ்டார்ட்டருக்கு அப்புறம் மோட்டார் பக்கத்திலேயே 40 கேவிஏஆர். ஒருநாள் ஸ்டாப் பட்டனை அமுக்கினேன். ஆம்மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. வோல்ட்மீட்டர் விழவில்லை. 415-லிருந்து ஏறி 500-ஐத் தாண்டிப் போய், ஃப்ளைவீல் வேகம் குறையக் குறைய மெதுவாக இறங்கியது. இண்டிகேட்டர் விளக்கு ஆஃப் செய்த பிறகு முன்பைவிடப் பளிச்சென்று எரிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சப்ளை இல்லாமல் எங்கிருந்து கரண்ட் வருகிறது என்று விளங்கவில்லை.

வந்தது மோட்டாரிலிருந்துதான். ஃப்ளைவீல் சுற்றுகிறது, கெப்பாசிட்டர் காந்தக் கரண்ட் கொடுக்கிறது. மோட்டார் ஜெனரேட்டராகிவிட்டது. அந்த மோட்டார் நோ லோடில் 40 ஆம்பியர் எடுக்கும், கணக்குப் போட்டால் 28 கேவிஏஆர் சொச்சம். மோட்டார் முனையில் கட்டும் கெப்பாசிட்டர் அதில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 25 போதும். நாங்கள் 40 வைத்திருந்தோம்.

இன்னொரு நாள் வண்டிக்காரர் அவசரப்படுத்தினார் என்று நிறுத்திய ரெண்டு நொடியில் பையன் திரும்ப ஸ்டார்ட் போட்டான். உள்ளே உயிரோடிருந்த வோல்டேஜும் வெளியே இருந்து வந்த வோல்டேஜும் எதிரெதிராக மோதியதில் ஒரு பெரிய இடி. புல்லியின் கீ வெட்டுப்பட்டுவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகாதது சாமி புண்ணியம். அன்றைக்கே கெப்பாசிட்டரைக் கழற்றி 20-ஆக மாற்றினோம்.

மீட்டர் தாத்தா
ஞாயிறு, மாலை 6.00

பூளவாடி, கேத்தனூர்ப் பக்கம் பழைய நிலைவேகக் காற்றாலைகளிலும் இதே பயம்தான். அவையும் இண்டக்ஷன் மெஷின், அடியில் கெப்பாசிட்டர். லைன் போய்விட்டால் காற்று சுற்றிக்கொண்டே இருக்கும், கெப்பாசிட்டர் காந்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். உடனே வெட்டாவிட்டால் வோல்டேஜ் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

டிரைவ் டாக்டர்
திங்கள், காலை 7.45

தம்பியின் கம்ப்ரசர் டிரைவ் விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது. 452 வோல்ட் நிலையாக இருந்தால் டிரைவ் டிரிப் ஆகாது. டிரைவுக்குள் இருக்கும் டிசி பஸ் 640 வோல்ட் அளவில்தான் வரும், டிரிப் எல்லை அதற்கு வெகு மேலே. ஆகவே இது கெப்பாசிட்டர் சேருகிற அந்த ஒரு கண நேரத் துள்ளலாக இருக்க வேண்டும். காண்டாக்டர் 'டக்' என்று அடிக்கும்போதா டிரிப் ஆகிறது? சாதாரணக் காண்டாக்டரா, கெப்பாசிட்டருக்கென்று தடைக்கம்பியோடு வருவதா?

இன்னொன்று. தறி முழுசாக ஓடும்போது கெப்பாசிட்டர் ஒன்றின் ஆம்பியர் எவ்வளவு?

பல்லடம் தறிக்குடோன்
திங்கள், மதியம் 12.20

சாதாரணக் காண்டாக்டர்தான். 'டக்' சத்தத்தோடுதான் டிரிப் ஆகிறது, சரியாகச் சொன்னீர்கள்.

25 கேவிஏஆர் கெப்பாசிட்டரில் 33 ஆம்பியர் வர வேண்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இன்று காலை ஃபிக்ஸட் மட்டும் இருக்கும்போது 37. ஏபிஎஃப்சியின் 12.5 ஸ்டெப் ஒன்று சேர்ந்ததும் 45-க்குப் போகிறது, இரைச்சலும் அதிகமாகிறது. கெப்பாசிட்டரைக் கூட்டினால் ஏற்கெனவே இருப்பதில் ஆம்பியர் எப்படிங்க கூடும்?

டிரைவ் டாக்டர்
திங்கள், மதியம் 1.30

எதிர்பார்த்ததுதான். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இந்த இழையில் இதுதான் அதிக ஆபத்தானது.

உங்கள் டிரைவ்கள் எல்லாம் 6 பல்ஸ். அவை 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டோடு 5, 7, 11, 13 மடங்கு ஹெர்ட்ஸ் கரண்ட்டையும் கலந்து விடும். டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் அவற்றுக்கென்று ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் 250-ஐ 0.045-ஆல் வகுத்தால் 5,556. அதைக் கெப்பாசிட்டர் கேவிஏஆரால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 100 கேவிஏஆருக்கு 7.45, அதாவது 50 ஹெர்ட்ஸைப் போல 7.45 மடங்கு. 112.5-க்கு 7.03.

புரிகிறதா? அந்த 12.5 சேர்ந்ததும் நேராக 7-ன் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. லைன் பக்கத்து இம்பீடன்ஸையும் சேர்த்தால் எண் கொஞ்சம் இறங்கும், ஆனால் உங்கள் 37-ம் 45-ம் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று சாட்சி சொல்கின்றன. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரப் போகிற மாதிரி, டிரைவ் கொடுக்கிற கொஞ்சம் 7-ம் ஹார்மோனிக் (7 மடங்கு ஹெர்ட்ஸ் கரண்ட்) கெப்பாசிட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே பல மடங்காக ஆடுகிறது. அந்தக் கூடுதல் கரண்ட்தான் நீங்கள் பார்த்தது. கெப்பாசிட்டர் தாங்கும் எல்லை அதன் கணக்குக் கரண்ட்டில் 1.3 மடங்கு, அதாவது 43. நீங்கள் 45-ல் ஓட்டுகிறீர்கள். இப்படியே விட்டால் உப்பி, வெடித்து, எண்ணெயோடு தீப்பிடிக்கலாம். பஞ்சுத் தூசு பறக்கிற குடோன் அது.

இன்றைக்கே ஏபிஎஃப்சி ரிலேயை மேனுவலில் போட்டு அந்த ஸ்டெப் வராமல் செய்யுங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

சோலார் உடுமலை
திங்கள், மாலை 6.40

நடுவில் ஒரு விஷயம். கூரையில் சோலார் போட்டவர்கள் இந்தக் குழியில் இன்னும் சீக்கிரம் விழுவார்கள். லோடு 100 கிலோவாட், திருத்தியதற்கு அப்புறம் 20 கேவிஏஆர் லேகிங் என்று இருக்கட்டும், 0.98. சோலார் 80 கிலோவாட் கொடுத்தால் லைனிலிருந்து வருவது 20 கிலோவாட். கேவிஏஆர் அதே 20. மீட்டர் 0.71 காட்டும். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, லைனிலிருந்து வரும் கிலோவாட் சிறிசாகிவிட்டது. அதைப் பார்த்துப் பயந்து ஃபிக்ஸட் கெப்பாசிட்டரை வாங்கிப் போடுவார்கள், ராத்திரியும் லீவு நாளும் லீடிங்கில் போய்விடும். எங்களுக்கு இப்படித்தான் ஆனது. இன்வெர்ட்டரிலேயே கேவிஏஆர் கொடுக்கும் அமைப்பு இருக்கிறது, அதை முதலில் கேளுங்கள்.

கரூர் பேனல்போர்டு
திங்கள், இரவு 8.10

என் பங்குக்கு ஒன்று. ரிலேக்குக் கொடுக்கும் சிடி (கரண்ட்டை அளந்து சொல்லும் வளையம்) எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். மெயின் கேபிளில், கெப்பாசிட்டருக்கும் லோடுக்கும் முன்னால் இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு துணி யூனிட்டில் சிடியை தறிக்குப் போகும் கேபிளில் மாட்டியிருந்தார்கள். கெப்பாசிட்டர் சேர்ந்தது ரிலேயின் கண்ணுக்கே தெரியாது. எத்தனை சேர்த்தாலும் இன்னும் பத்தவில்லை என்று கடைசி ஸ்டெப் வரை போட்டுக்கொண்டே போனது.

பல்லடம் தறிக்குடோன்
செவ்வாய், காலை 6.50

12.5-ஐ நிறுத்திவிட்டேன். ஃபிக்ஸடில் நேற்று ராத்திரி ஷிஃப்டில் 36. வயர்மேனிடம் எல்லாவற்றையும் உட்கார்ந்து காட்டினேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "பவர் ஃபேக்டர் கம்மின்னா கெப்பாசிட்டர் போடுன்னுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, மைனஸைப் பத்தி யாரும் சொல்லலைங்க" என்றார். இனி எவ்வளவு வாங்க வேண்டும், எப்படி வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

டிரைவ் டாக்டர்
செவ்வாய், காலை 9.15

150 கிலோவாட்டுக்கு 0.80-லிருந்து 0.98-க்குப் போக 82 கேவிஏஆர் போதும். 1.00-ஐக் குறிவைக்க வேண்டாம். ரிலேயில் 0.98 லேகிங் என்று வையுங்கள், லோடு மாறும்போது மறுபக்கம் சாயாமல் இருக்க இடம் கிடைக்கும்.

ஃபிக்ஸட் நாலையும் கழற்றிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் சொந்தக் காந்தத்துக்காக 5 கேவிஏஆர் மட்டும் நிலையாக இருக்கட்டும். மற்றதெல்லாம் ரிலேயில், சின்ன ஸ்டெப்பிலிருந்து பெரிசு வரை, கெப்பாசிட்டர் காண்டாக்டரோடு. லீவு நாளில் 12 கேவிஏஆர் மட்டும் தேவைப்படும்போது அந்த அளவுக்குப் பொருந்துகிற ஸ்டெப் ஒன்றாவது இருக்க வேண்டும். எல்லாமே 25 என்றால் ரிலே போடும், எடுக்கும், போடும், காண்டாக்டர் வீணாகும்.

உங்களுக்கு டிரைவ் அதிகம், ஆகவே ரிலேயில் வரும் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 7 சதவீத ரியாக்டர் (கெப்பாசிட்டரோடு தொடராகக் கட்டும் கம்பிச்சுருள்) கட்டாயம். அது சொந்த அதிர்வெண்ணை 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும், 5-ம் ஹார்மோனிக்கான 250-க்கே கீழே. ஆனால் ரியாக்டர் போட்டால் கெப்பாசிட்டரின் மேல் வோல்டேஜ் ஏறும். 440 என்றால் 473. உங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைக்கு 486. ஆகவே 525 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்குங்கள். பழைய 440-ஐ ரியாக்டரோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 525 வோல்ட்டில் 25 கேவிஏஆர் என்று எழுதியது 440-ல் 25 கொடுக்காது, 17.6 தான் கொடுக்கும். ரியாக்டரோடு 19 அளவு வரும். இதைக் கணக்கில் வைத்து எண்ணிக்கை போடுங்கள். ரியாக்டர் உள்ளதையும் இல்லாததையும் ஒரே பஸ்பாரில் பெரிய அளவில் கலக்க வேண்டாம்.

பல்லடம் தறிக்குடோன்
நாலு வாரம் கழித்து, ஞாயிறு காலை 6.30

சொன்னபடியே செய்தாயிற்று. போன புதன்கிழமை பேனல் மாறியது. சேஞ்ச்ஓவர் இன்டர்லாக்கும் போட்டாயிற்று. வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஒருமுறை கூட நிற்கவில்லை.

இப்போது குடோனில் நின்றுதான் எழுதுகிறேன். தறி எதுவும் ஓடவில்லை. மெயினில் 21 ஆம்பியர், 441 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.9 சொச்சம், மைனஸ் இல்லை. பேனல் பக்கம் சத்தம் இல்லை, வெளியே வேப்பமரத்தில் காக்கை கத்துவது கேட்கிறது. தோட்டத்துக்காரருக்கு ரெண்டு டியூப் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வேண்டாம் என்றார், வீட்டில் அம்மிணி வாங்கிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கழற்றிய நாலு கெப்பாசிட்டரும் மூலையில் கிடக்கிறது. ஒன்று லேசாக உப்பியிருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?

நொய்யல் வயர்மேன்
ஞாயிறு, காலை 7.05

உப்பியதை எங்கேயும் திரும்பக் கட்ட வேண்டாம். நாலையும் எடைக்கே போடுங்கள், ஆனால் போடும்முன் டெர்மினல் மூன்றையும் மீட்டரில் பாருங்கள். உள்ளே இருக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் ஒரு நிமிஷத்தில் இறக்கிவிட வேண்டும், ஆனால் ரெசிஸ்டரே போயிருந்தால் நாள் கணக்கில் சார்ஜ் நிற்கும். ஒரு 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடு எடுத்து ரெண்டு ரெண்டு டெர்மினலாகத் தொட்டு இறக்குங்கள். நேராகக் கம்பியால் ஷார்ட் செய்ய வேண்டாம். பூஜ்யம் என்று பார்த்த பிறகு மூன்றையும் ஒரு செம்புக் கம்பியால் சேர்த்து முறுக்கிவிட்டு அப்படியே கொடுங்கள். எடைக்கு எடுக்கிறவருக்கு அது என்ன பொருள் என்று தெரியாது, கையில்தான் தூக்குவார்.